பத்தியின் மையக் கருத்து: இரண்டு விடை சரியாகத் தெரிந்தால் எதை எடுப்பது?

தங்கச்சிமடம்_தேர்வர்:
டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பத்தி கொடுத்து யார், எத்தனை, எப்போது என்று கேட்டால் தப்பு வருவதில்லை. ‘மையக் கருத்து யாது’ என்று கேட்டால்தான் சறுக்குகிறது. மாதிரித் தேர்வில் வந்த பத்தி இது:

“பாக் நீரிணைக் கரையில் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படுகிறது. 12 அடிக்கு 12 அடி சட்டத்தில் கயிறு கட்டி, விதைத் துண்டுகளை முடிந்து கடலில் விட்டால் 45 நாளில் அறுவடை செய்யலாம். இதற்கு நிலமும் வேண்டாம், உரமும் வேண்டாம். ஆயினும் கோடையில் நீர் சூடேறினால் பாசி வெளுத்து உதிர்ந்துவிடும்; மறு நடவுக்கு விதைகூட மிஞ்சாது. ஆகவே வருமானம் நிலைக்க வேண்டுமானால், மிதவைக்கு மானியம் கொடுப்பதைவிட, வெப்பம் தாங்கும் விதையைக் காத்து வழங்குவதே முதல் தேவை.”

அ) கப்பாபைகஸ் 45 நாளில் அறுவடைக்கு வரும்.
ஆ) கடல்சார் தொழில்கள் மீனவப் பெண்களின் வாழ்வை உயர்த்துகின்றன.
இ) நீர் சூடேறுவதால் பாசி வளர்ப்பு இலாபமற்றதாகிவிட்டது.
ஈ) பாசி வளர்ப்பு நிலைக்க, தகுந்த விதை கிடைக்கச் செய்வது முதன்மையானது.

நான் ‘இ’ போட்டேன். விடை ‘ஈ’ என்கிறார்கள். இரண்டுமே பத்தியில் இருக்கிற விஷயம்தானே?

உச்சிப்புளி_வாத்தியார்:
‘இ’ பத்தியில் இல்லை தம்பி. நீர் சூடேறுவது இருக்கிறது, பாசி உதிர்வது இருக்கிறது. ‘இலாபமற்றதாகிவிட்டது’ எங்கே இருக்கிறது? முக்கால்வாசி வார்த்தையைப் பத்தியிலிருந்து எடுத்து, வினைமுற்றை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். விடையைப் படிக்கும்போது கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிச் சரிபாருங்கள், இது மாட்டிக்கொள்ளும்.

இனி முறை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள். இந்தப் பத்திக்கு: அறிமுகம், முறை, வசதி, சிக்கல், தீர்வு. அடுத்து ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பாருங்கள். இரண்டாவதை மறைத்தால் பத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதும் அப்படித்தான். ஐந்தாவதை மறைத்தால், ‘சரி, அதற்கென்ன இப்போது?’ என்று கேட்கத் தோன்றுகிறது. எந்த வாக்கியத்துக்காக மற்றவை வந்து நிற்கின்றனவோ அதுதான் மையம். 45 நாள் என்பது தொழிலின் கவர்ச்சியைக் காட்ட வந்த சரக்கு, அவ்வளவுதான்.

நீங்கள் நாலாவது வாக்கியத்தோடு நின்றுவிட்டீர்கள். ‘ஆயினும்’ வந்ததும் திருப்பம் இதுதான் என்று நினைத்தது சரி. ஆனால் அந்தத் திருப்பத்துக்குப் பிறகு ஒரு ‘ஆகவே’ இருக்கிறது.

பாம்பன்_அக்கா:
வாத்தியார் சொன்னதோடு தமிழ் வாக்கியத்தின் போக்கையும் கவனிக்க வேண்டும். நம் வாக்கியத்தில் விட்டுக்கொடுக்கிற பேச்சு முதலில் வரும், ஆசிரியர் சொல்ல வந்தது முற்றில் வந்து உட்காரும். ‘மானியம் கொடுப்பதைவிட’ என்றால் மானியம் கீழே இறங்குகிறது, பிறகு வருவது மேலே ஏறுகிறது. ‘வழங்குவதே’ என்ற ஏகாரம் சும்மா வரவில்லை. ‘-ஆலும்’, ‘-உம்’, ‘-தான்’, ‘-ஏ’ இந்த நான்கையும் பென்சிலால் வட்டமிட்டுப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

‘ஆ’ வேறு வகைப் பொறி. நம் கரையில் பாசி எடுக்கிற பெண்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதனால் அது உண்மையென்று மனசு ஒப்புக்கொள்ளும். பத்தியில் பெண்கள் என்ற சொல்லே இல்லை. கடல், மீன்பிடித் தடைக்காலம், தனுஷ்கோடி என்று தெரிந்த விஷயம் வந்தால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பத்தியை விட்டுவிட்டு ஊரைப் படிக்கிறார்கள். தெரியாத தலைப்பில் வராத தப்பு, தெரிந்த தலைப்பில் வருகிறது.

தங்கச்சிமடம்_தேர்வர்:
அப்படியானால் கடைசி வாக்கியத்தைப் பார்த்தால் போதுமா அக்கா? எல்லாவற்றையும் மறைத்து மறைத்துப் பார்க்க நேரம் ஏது?

பாம்பன்_அக்கா:
போதாது. இதைப் பாருங்கள்:

“1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. அந்த மணலில் இன்றும் ஓலைக் கொட்டகைகள் நிற்கின்றன. ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கிறார்கள். விடிந்தால் கரைவலை இழுக்கிறார்கள்.”

முடிவு வாக்கியம் கரைவலை. அது மையமா? முதல் வாக்கியம் புயல். அதுவும் இல்லை. மையம் எழுதப்படவே இல்லை: அறிவிப்பையும் மீறி வாழ்க்கை அங்கே தொடர்கிறது. ‘தனுஷ்கோடி புயலால் அழிந்தது’ என்று ஒரு விடை கட்டாயம் வைப்பார்கள், பாதிப்பேர் அதில் விழுவார்கள். ‘இன்றும்’ என்ற ஒரு சொல்தான் இங்கே சாவி. அது வரும் வாக்கியத்திலிருந்து மூன்று வாக்கியம், முன்னால் இரண்டே. எழுதப்படாத மையத்துக்கு, ‘எதைப் பற்றி’, ‘அதைப் பற்றி என்ன’ என்று இரண்டு கேள்வி கேட்டு, பதிலை ஒரே வாக்கியமாக மனதில் சொல்லிவிட்டு, பிறகு விடைகளைப் பாருங்கள். முதலிலேயே விடைகளைப் பார்த்தால் நான்கும் நல்லதாகத்தான் தெரியும்.

உச்சிப்புளி_வாத்தியார்:
நேரக் கணக்கு: 200 கேள்வி, 180 நிமிடம், கேள்விக்கு 54 விநாடி. ஒரு பத்திக்கு ஐந்து கேள்வி என்றால் நாலரை நிமிடம். ஒன்றரை நிமிடம் நிதானமாகப் படித்துச் சொல் குறித்தால் மிச்சம் தாராளம். தகவல் கேள்விகளை முதலில் முடியுங்கள். மையக் கருத்தைக் கடைசியில் எடுங்கள். அதற்குள் பத்தியை மூன்று தடவை தொட்டிருப்பீர்கள். மறைத்துப் பார்ப்பது வீட்டுப் பயிற்சிக்கு. இருபது, முப்பது பத்தி செய்தபின் கண்ணே செய்துவிடும்.

‘பொருத்தமான தலைப்பு’ என்று கேட்டால் கொஞ்சம் வேறு. மையக் கருத்து ஒரு கூற்று, தலைப்பு ஒரு பெயர். ‘கடற்பாசி’ என்றால் அளவுக்கு மீறிய அகலம், ‘பாசி வெளுத்தல்’ என்றால் குறுகல், ‘பாசி வளர்ப்பும் விதைத் தேவையும்’ என்றால் பத்தியின் அளவு. பத்தியில் இல்லாத ‘மட்டுமே’, ‘எப்போதும்’, ‘அனைத்தும்’ விடையில் இருந்தால் முதலில் அதைக் கழித்துவிடுங்கள்.

தேவிபட்டினம்_24:
ஒன்று சேர்க்கிறேன். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பது இந்தத் தேர்வில் இல்லை. நான்கில் இரண்டைக் கழித்துவிட்டு நிற்கும்போது விடைத்தாளில் ஐந்தாவதாக இருக்கிற ‘விடை தெரியவில்லை’ வட்டத்தை நிரப்புவது, அந்தக் கேள்விக்கான ஒன்றரை மதிப்பெண்ணைக் கடலில் போடுவது. மீதி இரண்டில் எதன் வினைமுற்று பத்தியின் வினைமுற்றோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து ஒன்றை நிரப்பிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.