எல்லா கேரக்டருக்கும் ஒரே புரொஃபைல்தானா?

வேல்வீரன்:
"வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமில் ஒவ்வொரு கேரக்டருக்கும் தனித்தனி புரொஃபைல் (சேமித்த அமைப்புகளின் தொகுப்பு) வைத்திருப்பவனுக்கு ஆட்ஆன் (கேமின் திரையை மாற்றும் துணை நிரல்) என்றால் என்னவென்றே தெரியாது" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். என் பிரீஸ்ட் ஹீலர், குழுவைக் குணப்படுத்துபவள், அவளுக்கு ரெய்டு ஃபிரேம் (குழுவினரின் உயிரளவைக் காட்டும் கட்டங்கள்) திரையின் நடுவில் பெரிதாக வேண்டும். வாரியருக்கு அதே இடத்தில் இருந்தால் பாஸ் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. ஒரே புரொஃபைல் வைத்தால் ஒன்றில் நகர்த்துவது மற்றதிலும் நகருமே, இதற்கு என்ன பதில்?

கரும்புலி:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். ஓரிடத்தில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாறும், அதற்குத்தானே பொதுப் புரொஃபைல்! நீங்கள் செய்வது "காப்பி ஃப்ரம்". அது அந்த நேரத்து நகல், அவ்வளவுதான். நாளைக்கு எழுத்தளவை மாற்றினால் ஒவ்வொரு ஆல்ட்டாக (உங்கள் மற்ற கேரக்டர்கள்) லாகின் செய்து மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருங்கள்.

வேல்வீரன்:
நான் கேட்டது ரெய்டு ஃபிரேம். எழுத்தளவு எங்கிருந்து வந்தது?

மழைக்குருவி:
ஸ்பெக் (ஹீலர் போன்ற கேரக்டரின் ஆட்டப் பிரிவு) மாறும்போது புரொஃபைலும் தானாக மாறும் வசதி நிறைய ஆட்ஆன்களில் இருக்கிறது, லிப்டூயல்ஸ்பெக் என்று பெயர். ஹீலருக்கு ஒன்று, மற்ற எல்லோருக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதாதா?

கரும்புலி:
போதாது. இரண்டு புரொஃபைல் என்றால் எழுத்தளவை இரண்டு முறை மாற்ற வேண்டும்.

இரும்புக்கை:
இதற்கு மெனுவே வேண்டாம். கேம் அமைப்புகளைச் சேமிக்கும் டபிள்யூடிஎஃப் ஃபோல்டரில் அக்கவுண்ட்டுக்குள் இருக்கும் சேவ்டுவேரியபிள்ஸ் ஃபோல்டரில் அந்த ஆட்ஆனின் லுவா ஃபைலைத் திறந்து, "புரொஃபைல்கீஸ்" பட்டியலில் எல்லா கேரக்டருக்கும் நேராக ஒரே பெயரைப் போட்டேன். ஆனால் லாக்அவுட் செய்து வந்தால் பழையபடியே இருக்கிறது, ஆட்ஆனில்தான் கோளாறு.

கரும்புலி:
ஆட்ஆனில் ஒரு கோளாறும் இல்லை. கேமைத் திறந்து வைத்துக்கொண்டே ஃபைலில் கை வைத்திருப்பீர்கள். லாக்அவுட்டிலும் ரீலோடிலும் கேம் தன்னிடம் இருப்பதை அந்த ஃபைலின் மேலேயே எழுதிவிடும், நீங்கள் போட்டது போயே போச்சு. மூடிவிட்டுத் திருத்துங்கள். இதுகூடத் தெரியாமல்தான் போன மாதம் எனக்குப் பாடம் எடுத்தீர்களா?

இரும்புக்கை:
போன மாதப் பேச்சை ஏன் இழுக்கிறீர்கள்? என் இம்போர்ட் ஸ்ட்ரிங்கை (அமைப்புகளைப் பகிரும் நீண்ட எழுத்துத் தொடர்) வாங்கி, நிறத்தை மட்டும் மாற்றி, "என் யுஐ" (திரை அமைப்பு) என்று கில்டில் காட்டியது யார்? அதைப் பேசலாமா?

கரும்புலி:
திறன் பொத்தான்கள் இருக்கும் ஆக்ஷன்பாரை முழுக்கப் பிரித்துத் திரும்ப அடுக்கியவன் நான். உங்களிடம் வாங்கியது வெறும் காஸ்ட்பார், மந்திரம் போடும் நேரத்தைக் காட்டும் பட்டை. விஷயத்துக்கு வருவோம், ஓரிடத்தில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாற வேண்டும்.

மழைக்குருவி:
"எல்லாவற்றிலும்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். சில ஆட்ஆன்கள் தங்கள் விவரக் குறிப்பான டாக் ஃபைலிலேயே கேரக்டருக்குத் தனியாகச் சேமிக்கும்படி எழுதப்பட்டிருக்கின்றன. திரை முழுவதையும் மாற்றும் எல்வியுஐ ஆட்ஆனை எடுங்கள், புரொஃபைல் பொதுவாக இருந்தாலும் நேம்பிளேட் (தலைக்கு மேலே வரும் பெயர்ப்பட்டை), பை போன்றவற்றை ஆன் ஆஃப் செய்வது பிரைவேட் என்ற தனிப் பகுதியில் இருக்கிறது. புது ஆல்ட் செய்தால் இன்ஸ்டால் ஜன்னல் வந்து நிற்பதும் அதனால்தான். உங்கள் ஒரே புரொஃபைல் அங்கே என்ன செய்தது?

கரும்புலி:
அந்த பிரைவேட்டையும் எல்லா ஆல்ட்டுக்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கலாம், தேடிப் பார்த்தால் தெரியும். ஏஸ்டிபி என்ற சேமிப்பு நிரலைப் பயன்படுத்தும் ஆட்ஆன்களில் ஆட்ஆனை எழுதியவர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் கேரக்டர் பெயரும் ரியல்ம் பெயரும் சேர்ந்து தனிப் புரொஃபைல் தானாக உருவாகும். பலர் அதை அப்படியே விட்டுவிட்டு "ஆல்ட்டில் எல்லாம் போயிடுச்சு" என்று வந்து அழுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் நேற்று எழுதினேன், ஒரு வார்த்தையும் திரும்பப் பெறுவதாக இல்லை.

வேல்வீரன்:
ரெய்டு ஃபிரேம் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

கரும்புலி:
ஹீலருக்கு ஏற்ற இடத்தில் வையுங்கள், வாரியரும் பழகிக்கொள்வான்.

வேல்வீரன்:
டேங்க், அதாவது முன்னால் நின்று அடி தாங்கும் கேரக்டர், ஆடிப் பார்த்தவர் பேசுகிற பேச்சா இது?

இரும்புக்கை:
வெறும் காஸ்ட்பாராம்! அந்த ஸ்ட்ரிங்கை இப்போதே இங்கே போடுகிறேன், எவ்வளவு நீளம் என்று எல்லோரும் பார்க்கட்டும்.