யானைக்கால் வீக்கமும் அடிக்கடி வரும் குளிர்காய்ச்சலும்: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

கும்பகோணத்திலிருந்து

எங்கள் ஊர்ப் பக்கம் யானைக்காலைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆனால் அந்தக் காலோடு வாழ்கிறவர்களை அதிகம் வதைப்பது வீக்கத்தைவிடக் காய்ச்சல்தான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு இடது காலில் வீக்கம், நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே. திடீரென்று உடம்பு தூக்கிப் போடும் குளிர் வரும். தொடை இடுக்கில் நெறி கட்டும். கால் சிவந்து கொதிக்கும், துணி பட்டால்கூடத் தாங்க மாட்டார்கள். "அமாவாசை கிட்ட வருதுல்ல, புழு கிளம்பிடுச்சு" என்பார்கள் அக்கம்பக்கத்தில். ஒவ்வொரு தடவை காய்ச்சல் வந்து போகும்போதும் கால் கொஞ்சம் பெருத்துவிடும்.

ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது அங்கிருந்த டாக்டரம்மா வீக்கத்தைத் தொடவே இல்லை. விரல்களை விரித்து இடுக்குகளைத்தான் பார்த்தார். அங்கே சேற்றுப்புண். "காய்ச்சல் வர்ற வழி இதும்மா" என்றார். கொசுக்கடியால் உடம்புக்குள் வந்த யானைக்கால் புழு, உடம்பின் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களை எப்போதோ கெடுத்துவிட்டது. வடிய வேண்டிய நீர் காலிலேயே தங்குகிறது. அப்படித் தங்கிய காலுக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவு. விரலிடுக்கில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலே பாக்டீரியா உள்ளே போய்விடும். இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் அதனால்தான், அமாவாசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பொறுமையாக விளக்கினார்.

வாழ்நாளெல்லாம் நடவுக்குப் போய்ச் சேற்றில் நின்ற கால் அது. சேற்றுப்புண்ணை ஒரு நோயாகவே அவர்கள் நினைத்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் சாதாரண சோப்பு, சுத்தமான பச்சைத் தண்ணீர். முழங்காலிலிருந்து கீழே, தோல் மடிப்புகள், விரலிடுக்குகள் எல்லாம் கழுவுவோம். பழைய வேட்டித் துணியால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். இந்த ஈரம் போக்குவதுதான் முக்கியம், இதில்தான் நேரமும் பிடிக்கும். அப்புறம் விரலிடுக்கில் டாக்டர் தந்த பூஞ்சைக் களிம்பு. ராத்திரி காலுக்கடியில் தலையணை. உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்வேன். வெளியே போனால் செருப்பு கட்டாயம்.

கால் பழைய அளவுக்கு வரவில்லை, வராது என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார். ஆனால் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. நிச்சயமாகச் சொல்கிறேன், அதுவே அவர்களுக்கு மறுவாழ்வு. காய்ச்சல் வந்துவிட்டால் மட்டும் உருவி விடுவதோ வெந்நீர் ஒத்தடமோ கூடாது. ஓய்வு, நிறையத் தண்ணீர், காலுக்கு ஈரத்துணி, உடனே டாக்டரிடம் போய் ஆன்டிபயாடிக். பிதற்றல், மயக்கம் இருந்தால் பெரியாஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.

திருவிடைமருதூரிலிருந்து

நான் ஃபைலேரியா, அதாவது யானைக்கால் நோய்த் தடுப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ராத்திரியில் வீடு வீடாகப் போய் விரல் நுனியில் ரத்தம் எடுப்போம். தூங்குகிற பிள்ளையை எழுப்புகிறோம் என்று திட்டு வாங்காத தெரு கிடையாது. பகலில் வரக்கூடாதா என்பார்கள். யானைக்கால் புழு ரத்தத்தில் விடும் குட்டிப்புழுக்களைத் தேடித்தான் அந்த ரத்தம். பகலில் இவை நுரையீரல் ரத்தக்குழாய்களில் போய் ஒதுங்கிவிடும், விரல் ரத்தத்தில் அனேகமாக அகப்படாது. க்யூலெக்ஸ் கொசு கடிக்கிற ராத்திரி நேரத்தில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். கொசுவுக்குள் இந்தப் புழு வளர்வதை 1877இல் சீனாவில் பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் கண்டார். நம் நாட்டில் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கியது.

காவிரித் தண்ணீர் குடித்தால் வரும் என்பதை இன்றும் கேட்கிறேன், மனது வேதனைப்படுகிறது. குடிக்கிற தண்ணீரால் வருவதில்லை. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் கொசு, பல காலம் திரும்பத் திரும்பக் கடித்து வருவது. கால் வீங்கியவரைத் தொட்டால் ஒட்டாது.

வீட்டுக்கு வந்து கொடுத்த டிஇசி, அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரைகளை "எனக்கு ஒண்ணுமில்லையே" என்று பலர் வாங்கி வைத்துவிடுவார்கள். ஒன்றும் இல்லாதவர் போலத் தெரிபவரின் ரத்தத்தில்தான் பல சமயம் குட்டிப்புழு இருக்கும். அது பரவாமல் தடுக்கத்தான் அந்த மாத்திரை. வீங்கிய காலை அது வற்றவைக்காது. கர்ப்பிணிகள், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடுமையான நோயில் இருப்பவர்களுக்குக் கொடுக்க மாட்டோம்.

பாபநாசத்திலிருந்து

ஆண்கள் யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதிவிடுகிறேன். இதே புழுவால் விரைவீக்கமும், அதாவது விரைப்பையில் நீர் கோத்து வீங்குவதும், வரும். என் அப்பா வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு விசேஷங்களுக்குப் போகாமலே பல வருஷம் இருந்தார். கால் வீக்கம் மாதிரி இல்லை இது, ஆபரேஷனில் சரியாகும். அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்தோம். வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

மன்னார்குடியிலிருந்து

தங்கைக்குக் கும்பகோணத்தில் வரன் வந்திருக்கிறது. பையனின் அம்மாவுக்குக் கால் வீக்கம். வீட்டில் பெரியவர்கள் தயங்குகிறார்கள். இது பரம்பரையாக வருமா?

கும்பகோணத்திலிருந்து

வராதுங்க. அந்த அம்மா பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியது இல்லை இது. என் வீட்டுக்காரருக்கும் இல்லை, என் பிள்ளைகளுக்கும் இல்லை. தயவுசெய்து இந்தக் காரணத்துக்காக அந்த வரனைத் தள்ளாதீர்கள்.

இன்னொன்று, அவர்களுக்கு யானைக்கால்தானா என்பதையே டாக்டர் பார்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள். இந்த ஊர்க்காரர் கால் வீங்கினாலே அந்தப் பெயர் வைத்துவிடுகிறார்கள். இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, வெரிகோஸ் என்கிற நரம்புச் சுருட்டு எதனாலும் கால் வீங்கலாம். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீங்கி ஆடுதசை வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.