'மென்மையாக்கிய துகள்' வேண்டாம், 'படர்துகள்' என்போம்

அன்புடையீர்,

மணலுக்குள்ளும் பாறைக்குள்ளும் நீரோ எண்ணெயோ நகர்வதைத் துகள்களைக் கொண்டு கணினியில் ஒப்புருவாக்கும் முறைக்கு 'மென்மையாக்கிய துகள் பாய்ம இயக்கவியல்' (Smoothed Particle Hydrodynamics) என்ற பெயர் முன்வைக்கப்பட்டுள்ளது. பாய்மமும் (நீர், எண்ணெய், வளி போலப் பாய்வது) இயக்கவியலும் நிலைபெற்ற சொற்கள். 'மென்மையாக்கிய' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1977ஆம் ஆண்டில் லூசி என்ற ஆய்வாளர் தனியாகவும், கிங்கோல்டு, மோனகன் என்ற இருவர் சேர்ந்தும், முதலில் வானியற்பியலுக்காக இம்முறையை உருவாக்கியபோது எந்தத் துகளையும் மென்மையாக்கவில்லை. ஒரு புள்ளியில் குவிந்ததாகக் கருதப்படும் நிறையை, நடுவில் அடர்ந்தும் விளிம்பை நெருங்க நெருங்கக் குறைந்தும் இருக்குமாறு சுற்றிலும் படரவிட்டார்கள். ஓரிடத்தின் அடர்த்தியை அறிய, அவ்விடத்தை எட்டும் துகள்கள் அனைத்தின் பங்கையும் கூட்டுகிறோம். 'பரவுதுகள்' எனலாமே என்று தோன்றும். ஆனால் பரவல் என்பது உப்பு நீரில் கலப்பது போன்ற நிகழ்வுக்கு ஏற்கெனவே உரிய சொல். இதே ஆய்வில் அந்நிகழ்வும் உடன்வரும். கொடி, வேர் ஓரிடத்தில் இருக்கச் சுற்றிலும் படர்வதைப் போன்றதே இத்துகளின் இயல்பு. 'படர்துகள்' வினைத்தொகையாதலால் காலம் காட்டும் சுமையும் இல்லை. நிறை எப்படிப் படர்கிறது என்பதைச் சொல்லும் கணிதச் சார்புக்குப் படர்சார்பு, எவ்வளவு தொலைவு படர்கிறது என்பதற்குப் படர்நீளம் என்று கிளைச்சொற்களும் எளிதாகக் கிடைக்கின்றன. 'மென்மையாக்கும் நீளம்' என்று எழுதிப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும்.

மணற்பரலை ஒட்டி நிற்கும் ஒரு நீர்த்துகளை அருகில் சென்று பாருங்கள். அதன் படர்வெல்லையில் ஏறத்தாழப் பாதி திடப்பொருளுக்குள் விழுகிறது. அங்கே அண்டைத் துகள்கள் இல்லாததால் கணக்கிடும் அடர்த்தி உண்மையைவிடக் குறைந்துவிடுகிறது. அதைச் சரிசெய்யப் பரலுக்குள் அசையாத துகள்களை நிரப்புவது ஒரு வழி. அவற்றைப் 'போலித்துகள்' என்பதைவிடச் 'சுவர்த்துகள்' என்பது, செய்யும் பணியைச் சொல்வதால், பொருத்தமானது.

அடுத்தது, மணலிலும் பாறையிலும் பாய்மம் நகரும் இடுக்குகளுக்கு வழங்கும் 'நுண்துளை' என்ற சொல். சரளைக்கல் இடுக்குகள் நுண்ணியவையும் அல்ல, துளைத்தவையும் அல்ல. 'புரை' என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. 'புண் புரையோடிவிட்டது' என்னும்போது உள்ளுக்குள் கிளைத்து ஓடும் வழி என்ற கருத்து தானாகவே வந்துவிடுகிறது. ஆகவே புரைப்பொருள் என்றும், மொத்தக் கொள்ளளவில் வெற்றிடத்தின் விகிதத்தைப் புரைமை என்றும் அழைக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பாய்மத்தைத் தன்னூடே செல்லவிடும் பண்புக்கும் புரைமை என்றே எழுதிவிடக் கூடாது. களிமண்ணின் கொள்ளளவில் பாதி வெற்றிடமாக இருக்கலாம். ஆயினும் நீர் அதைக் கடப்பது மிக அரிது. 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி, மணற்படுகைகளின் வழியே நீரைச் செலுத்தி, பாயும் அளவு நீர்மட்ட வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் காட்டினார். அவர் கண்ட அந்த விதியில் பொருளின் இயல்பைச் சுமப்பது, பாய்மத்தைச் செல்லவிடும் இந்த இரண்டாவது பண்பே. புரைகளின் வடிவத்தை அப்படியே வரைந்து செய்யும் படர்துகள் கணிப்பில் புரைமை நாம் உள்ளே கொடுப்பது, மற்றது கணிப்பின் முடிவில் கிடைப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் ஆய்வுரையின் முதல் வாக்கியமே குழம்பிவிடும். இந்த இரண்டாவது பண்புக்கு வழங்கும் 'ஊடுருவுதிறன்' என்பதும் நீரின் திறனைப் போல ஒலிக்கிறது. விடுவது பாறை, ஆகவே 'ஊடுவிடுதிறன்' என்பதே என் பரிந்துரை.

'மணலின் புரைமையை மாற்றாமல் பரல்களின் அளவை மட்டும் குறைத்தபோது, படர்துகள் கணிப்பில் அதன் ஊடுவிடுதிறன் குறைந்தது' என்ற வாக்கியத்தை, துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் படித்துக் காட்டி, எந்தச் சொல்லில் அவர் தயங்குகிறார் என்று எழுதுங்கள்.