கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் பக்கத்தில் வால்நட்சத்திரம் வந்தால் எப்படிப் படம் எடுப்பது? பனி பெரிய தொந்தரவாக இருக்கிறது

களத்துமேடு:
ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். 2024 அக்டோபரில் சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் எம்5 நட்சத்திரக் கொத்துக்குப் பக்கத்தில் வந்த அன்று எங்களுக்கு ஒரே மேகம், சாயங்காலம் முழுக்க மாடியில் நின்றதுதான் மிச்சம். அடுத்தது வரும்போது தடுமாறக் கூடாது என்று இப்போதே கார்த்திகைக் கூட்டத்தை வைத்துப் பழகுகிறேன். போன அமாவாசையன்று அறுவடை முடிந்த களத்தில் டிரைபாட் போட்டு, 50 எம்எம் லென்ஸில் 15 விநாடி வைத்து எடுத்தேன். நட்சத்திரம் எல்லாம் அரிசி மாதிரி நீண்டு விட்டன. அரை மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த படங்கள் பால் ஊற்றியது போல வெளுத்துக் கிடக்கின்றன. நான் எங்கே தப்புப் பண்ணுகிறேன்? நட்சத்திரங்களைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பும் மவுண்ட் வாங்க இப்போது வசதி இல்லை.

கொள்ளிடக்கரை:
தம்பி, முதலில் நேரத்தைக் குறையுங்கள். 500-ஐ லென்ஸின் எம்எம்மால் வகுக்கச் சொல்வார்கள். சின்ன சென்சார் என்றால் இன்னொரு முறை 1.5-ஆல் வகுக்க வேண்டும். உங்களுக்கு 6 விநாடி சொச்சம் வரும், நான் 5-க்கு மேல் போகமாட்டேன். ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்). அதே இடத்தை அறுபது, நூறு என்று எடுத்து டீப்ஸ்கைஸ்டேக்கர் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள், இலவசம்தான். வால்நட்சத்திரம் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகராது, தன் போக்கில் தனியாக நகரும், அதனால் நட்சத்திரத்துக்கு ஒருமுறை, அதன் தலைக்கு ஒருமுறை என்று அடுக்க வேண்டும். அந்த மென்பொருளிலேயே அதற்கென்று வழி இருக்கிறது. ஃபோகஸை சிரியஸில் வையுங்கள்: லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி எவ்வளவு சிறுக்குமோ அவ்வளவு சிறுக்கும் வரை வளையத்தைத் திருப்பி, அப்புறம் ஒரு துண்டு டேப் ஒட்டி விடுங்கள்.

அந்தப் பால் வெளுப்பு பனியேதான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள், லென்ஸ் எம்மாத்திரம்! வெட்டவெளியில் கண்ணாடி காற்றை விடவும் குளிர்ந்து போகிறது, ஈரம் அதில் வந்து படிகிறது. துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். பவர்பேங்கில் ஓடும் சூடேற்றும் பட்டை கிடைக்கிறது. அது இல்லாத காலத்தில் நான் அரிசியைச் சட்டியில் வறுத்து, கை பொறுக்கிற சூட்டில் பழைய காலுறையில் கட்டி லென்ஸைச் சுற்றி வைப்பேன், அரை மணி நேரம் தாங்கும். லென்ஸ் ஹுட் கட்டாயம் போடுங்கள்.

உப்பளத்தோரம்:
நான் வேதாரண்யம் பக்கம். 2018 டிசம்பர் 16, 46பி விர்ட்டனென் வால்நட்சத்திரம் பூமிக்கு 1.16 கோடி கிலோமீட்டர் வரை வந்த இரவு, கார்த்திகைக்குச் சில பாகை தள்ளி நின்றது. கஜா புயல் அடித்துச் சரியாக ஒரு மாதம், எங்கள் தெருவுக்கு அன்றும் கரண்ட் வரவில்லை. அவ்வளவு கஷ்டத்துக்கு நடுவில் வானம் மட்டும் நான் சிறுவயதில் பார்த்தது போல இருட்டாக இருந்தது. வளர்பிறை நிலா என்பதால் நடுராத்திரி தாண்டி அது மறையும் வரை காத்திருந்தோம். வால் தெரியவில்லை, படத்தில் ஒரு பச்சைப் பஞ்சுதான் விழுந்தது. ஆனால் முதல் படத்தையும் ஒரு மணி நேரம் கழித்து எடுத்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் அந்தப் பஞ்சு இடம் மாறியிருப்பது தெரிந்தது, என் மகள் அதை நம்பவே இல்லை. ஒன்று சொல்கிறேன், நாள்காட்டியில் வால்நட்சத்திரத்தைப் பார்க்கும் முன்னால் நிலாவைப் பாருங்கள். தம்பி சொன்ன அந்த எம்5 நாளன்றும் பௌர்ணமிக்கு இரண்டே நாள்தான் இருந்தது, மேகம் விலகியிருந்தாலும் வானம் வெளுத்துத்தான் இருந்திருக்கும்.

இடம் தேடினால் இறால் பண்ணை விளக்குகள் இல்லாத பக்கமாகப் போங்கள். கோடியக்கரைக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ராத்திரியில் போக வேண்டாம். நம் தரை சமதளம், மலை மறைக்காது, அடிவானத்தில் நிற்கும் வால்நட்சத்திரத்துக்கு இதை விட நல்ல ஊர் இல்லை. வரப்பில் நடக்கும்போது பூட்ஸும் டார்ச்சும் வேண்டும், கட்டுவிரியன் இருக்கும். தரிசில் உளுந்து போட்டிருப்பார்கள், டிரைபாட் காலை அதில் ஊன்றாதீர்கள்.

களத்துமேடு:
அண்ணா இருவருக்கும் நன்றி. நேற்று 5 விநாடியில் எண்பது படம் எடுத்து அடுக்கினேன், அரிசி மூட்டையை மூன்று தடவை சூடாக்கிக் கொடுத்தது அம்மாதான். கார்த்திகையின் ஆறு மீனும் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கின்றன, நடுவில் கண்ணுக்குத் தெரியாத பொடி மீன்கள் கூட இருக்கின்றன. ஓரத்து நட்சத்திரங்களுக்கு மட்டும் சிறகு முளைத்தாற்போல இருக்கிறது, எஃப் 1.8-லேயே விட்டுவிட்டேன். இன்று 2.8 வைத்துப் பார்க்கிறேன்.