திசுப்பசையா, இழையவொட்டியா? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

சேலத்திலிருந்து:
வணக்கம். மாணவர் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘டிஷ்யூ அட்ஹெசிவ்’ என்ற இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். துடிக்கிற இதயத்தின் மேல், ரத்த ஈரத்தில் ஒட்டவேண்டிய பொருள். ‘திசுப்பசை’ என்று எழுதினேன். “கை துடைக்கிற டிஷ்யூவை ஒட்டுவதா அம்மா?” என்கிறாள் மகள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
தங்கச்சி, அதுக்குத்தான் எங்கட பாடநூல்களில் ‘இழையம்’ இருக்கிறது. மவ்வீறு கெட்டு, வகர உடம்படுமெய் பெற்று, ‘இழையவொட்டி’. இதில் என்ன குறை?

தஞ்சையிலிருந்து:
ஒட்டுண்ணியின் தம்பி போல இருக்கிறது, அதுதான் குறை. ‘பயின்’ என்ற பழஞ்சொல் பிசினைக் குறிக்கும், ‘மெய்ப்பயின்’ எனலாம். ‘பசை’ வேண்டாம். பசுமை, பச்சை, பசை எல்லாம் ஒரே வேர், அடிப்பொருள் ஈரம் என்பது என் எண்ணம். ‘ஈரப்பசை’ என்கிறோமே. பணக்காரனைப் ‘பசையுள்ள ஆள்’ என்பதும்...

மதுரையிலிருந்து:
ஐயா, பணக்காரன் இருக்கட்டும். அறுவை அரங்கில் நாங்கள் ‘குளூ’ என்றுதான் சொல்கிறோம். நீங்கள் சொன்ன ஈரம்தான் எங்களுக்கு எதிரி. உறுப்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். பசை அந்த நீரைத்தான் பிடிக்கும், உறுப்பை அல்ல. 2019-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்காரர்கள் செய்த இருபக்க நாடா முதலில் அந்த நீரை உறிஞ்சிவிட்டு, ஐந்து விநாடியில் ஒட்டுகிறது. 2017-ல் ஹார்வர்டில் ஓடில்லா நத்தையின் சளியைப் பார்த்து ஒன்று செய்தார்கள். பழைய சயனோஅக்ரிலேட் (கடையில் விற்கும் உடனொட்டிப் பசையின் வகை) தோலின் வெட்டுக்காயத்துக்குச் சரி. உள்ளே வைத்தால் கட்டையாக விறைக்கும், சிதையும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சை விடும். ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரின் உடம்புக்கு ஒத்துப்போகும், பிடிப்புதான் போதாது. அதனால் எந்தச் சொல்லானாலும் முன்னால் ‘உடலிணக்க’ வரட்டும்.

கும்பகோணத்திலிருந்து:
தச்சர்கள் ‘வச்சிரம்’ என்பார்களே! அப்பா வெந்நீர்ச் சட்டிக்குள் தகர டப்பாவை வைத்து உருக்குவார். நாற்றம் தெருமுனை வரை வரும். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்தது, ஆக அதுவே திசுதான்.

தஞ்சையிலிருந்து:
அது வஞ்சிர மீன் என்று படிப்பார்கள்.

மதுரையிலிருந்து:
சிரிக்காதீர்கள். தோலிலிருந்து வருவது ஜெலட்டின்தானே? கிழிந்த பெருந்தமனியை ஒட்ட ஜெலட்டின், ரிசார்சினால், ஃபார்மால்டிஹைடு கலந்த பசையை அறுவை மருத்துவர்கள் பயன்படுத்தியதுண்டு. வச்சிரத்தின் பங்காளி!

சேலத்திலிருந்து:
வியாழன் இரவு ஆகிவிட்டது. ‘உடலிணக்கத் திசுப்பசை’ என்று அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘இழையம்’ இருக்கும். ‘பயின்’ மன்னிக்கவும், மாணவர்கள் அதைப் ‘படி’ என்று எடுத்துக்கொள்வார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அடைப்புக்குறிக்குள்ளேயா? சரி, அடுத்த பதிப்பில் பார்ப்பம்.

தஞ்சையிலிருந்து:
‘பசை’யின் வேர் பற்றி இன்னும் நான் முடிக்கவில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.