முப்பது நாள், மூன்று நோட்டு

எட்டு ஆண்டுகளாக என்னிடம் ஒரு நாவலின் முதல் அத்தியாயம் மட்டுமே இருந்தது. 'தோப்பில் இருள் இறங்கியது' என்பதா, 'தோப்பை இருள் மூடியது' என்பதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கழித்திருக்கிறேன். பள்ளியில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கதை எழுதி மகிழ்ந்தவள் நான். பிறகு பேனாவை எடுத்தாலே நெஞ்சு கனக்கத் தொடங்கியது.

2024 அக்டோபர் கடைசியில், பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கை மகள் ஊத்தங்கரைக்கு வந்திருந்தாள். "பெரியம்மா, நவம்பர் மாதம் பலரும் ஒரு நாவலை எழுதி முடிக்கிறார்கள். முப்பது நாளில் ஐம்பதாயிரம் சொல். நடுவில் திருத்தக் கூடாது. நீங்களும் எழுதுங்களேன்" என்றாள். 1999-இல் சான்பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 21 பேராகத் தொடங்கிய வழக்கம் அது. பெயர் நானோரைமோ. அதை நடத்திவந்த அமைப்பு 2025-இல் மூடப்பட்டுவிட்டது என்று கேட்டபோது, சொந்தக்காரர் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது.

அவர்கள் கணக்குப்படி நாளுக்கு 1,667 சொல். தமிழில் எழுதுகிறவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 'வந்துகொண்டிருந்திருப்பாள்' என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் ஐந்து. அதனால் நாளுக்கு ஆயிரம் என்று வைத்துக்கொண்டேன். இதைக் குறுக்குவழி என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நூறு பக்க நோட்டு மூன்று வாங்கினேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஆறு மணிக்குப் பால்காரர் வரும்வரை எழுதினேன். எட்டுப் பக்கம் தாண்டினால் ஆயிரம் சொல்.

முதல் வாரம் வறட்சிதான். காவேரிப்பட்டணம் பக்கம் என் தாத்தா குத்தகைத் தோப்புகளில் மாங்காய்க் காவல் இருந்தவர். பெங்களூரா காய் திரண்டு வரும் மாதங்களில் அவருக்குத் தோப்புக் குடிசையில்தான் படுக்கை. நாவலும் அந்தக் காவலைப் பற்றியதுதான். ஆனால் எழுதிய ஆட்கள் மரப்பாச்சியாக நின்றார்கள்.

ஒன்பதாம் நாள் காவல்காரர்களுக்கு ஆக்கிப்போட ஒரு கிழவியைக் கொண்டுவந்தேன். அவளுக்கு ஒரு வரிக்கு மேல் வேலையில்லை என்றுதான் நினைத்தேன். அவள் உலையில் ஒரு பிடி நொய்யைப் போட்டாள். அது வெந்ததும் கேழ்வரகு மாவை நடுவில் குவித்துக் கொட்டினாள். துடுப்பின் காம்பால் குவியலில் ஒரு குழி விட்டாள், ஆவி மேலேறட்டும் என்று. பக்கத்தில் நின்ற பேத்தி துடுப்பைத் தொடப் போனாள். "இரு சாமி, இப்போது கிளறினால் கட்டி தட்டிவிடும். மாவு வேகட்டும்" என்றாள் கிழவி. பிறகு பானையைச் சாய்க்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வளையல் மேலேறக் கிண்டினாள். தண்ணீர் தொட்ட உள்ளங்கையில் களி உருண்டையானது.

'இரு சாமி' என்றது என் பாட்டியின் குரல். அவர் போய் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் குரல் எனக்கு மறந்தே போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். பால்காரர் இரண்டு முறை கூப்பிட்டும் காதில் விழவில்லையாம். அன்று பள்ளிக்குப் போகும் வழியெல்லாம், நாளைக்கு இந்தக் கிழவி என்ன பேசுவாள் என்பதே நினைப்பு. கணக்கு நோட்டுக் காலத்தில் இருந்த அதே பரபரப்பு.

பழைய வழக்கப்படி எழுதியிருந்தால், 'ஆக்கிப்போட' என்பதா 'சமைக்க' என்பதா என்று அங்கேயே நின்றிருப்பேன். கிழவி அடுப்பைப் பற்றவைத்திருக்கவே மாட்டாள். ஆயிரம் சொல் முடிக்கும் அவசரம் எனக்கு அந்த நிற்பதற்கான நேரத்தைத் தரவில்லை.

குறைகளும் உண்டு. பதினான்காம் நாள் காவல்காரர் பெயர் மாறிவிட்டது. ஓரத்தில் 'பெயர் பார்க்க' என்று எழுதிவிட்டு மேலே போனேன். ஒரு திருமணத்தால் இரண்டு நாள் விட்டுப்போனதை ஞாயிறுகளில் ஈடுகட்டினேன். குத்தகைப் பேரம் வரும் நாற்பது பக்கத்தை இப்போது முழுதாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. மாற்றுவதற்குக் கையில் பக்கங்கள் இருக்கின்றன.

நவம்பர் 30 விடியற்காலையில் கடைசி வரியை எழுதினேன். அன்று இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த நாள் எங்கள் ஊரில் கொட்டத் தொடங்கிய மழை டிசம்பர் 2 காலைக்குள் 50 சென்டிமீட்டர். நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போன காட்சியைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது, மின்சாரம் இல்லை. அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு, ஏணியில் நின்றபடியே "அடுத்து எதைக் கொடுக்கிறாய்?" என்று கேட்டார் கணவர். மூன்று நோட்டுகளையும் நீட்டினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாலித்தீன் பையில் சுற்றி, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருந்த தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.