குறிப்புகளை மரமாகக் கட்டி எழுதுவது உதவுமா, கெடுக்குமா?

நூல்கண்டு:
ஆறு மாதமாக என் குறிப்புகள் எல்லாம் ஈமேக்ஸ் என்ற எடிட்டரில், குறிப்பெழுத அதிலுள்ள ஆர்க் மோடில்தான். வரித் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் உபதலைப்பு, அதன் கீழே சாதாரணமாக எழுதிக்கொண்டே போகலாம். டேப் தட்டினால் மடியும், மறுபடி தட்டினால் விரியும். கடிகாரங்களின் வரலாறு பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'கடலில் ஊசல் ஏன் உதவவில்லை' என்று நாற்பது வரி, 'ஊசல் கடிகாரம்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. நேற்றுதான் அது 'கடற்பயணம்' பகுதிக்குப் போக வேண்டியது என்று புரிந்தது. ரீஃபைல் கட்டளை கொடுத்தேன், எந்தத் தலைப்புக்கு என்று கேட்டது, சொன்னேன், உள்ளே இருந்த உபதலைப்புகளோடு அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. நீளமாக எழுதுகிற எல்லோரும் இப்படித் தலைப்பின் கீழ் தலைப்பாக, மரம்போல அடுக்குகிற அவுட்லைனருக்கு மாறிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளைத்தாள்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் நண்பரே. இரண்டு வருஷம் இப்படித்தான் எழுதினேன், விட்டுவிட்டேன். உங்கள் பொருளையே எடுத்துக்கொள்கிறேன். மரத்தில் அது எப்படி இருக்கும்?

\* ஊசல் கடிகாரம், ஹைகென்ஸ், 1656
\* கப்பல் ஆடும்
\* ஹாரிசன், சுருள்வில்

மூன்று வரியைப் பார்த்ததும் விஷயம் முடிந்துவிட்டது போல மனம் நிம்மதியாகிவிடும். ஆனால் இன்னும் எதுவுமே சொல்லப்படவில்லை. எழுதிப் பார்த்தால்: 'ஊசலின் சீரான ஆட்டத்தை நம்பி ஹைகென்ஸ் வடிவமைத்த கடிகாரம் நிலத்தில் ஒழுங்காக ஓடினாலும் கப்பல் ஏறியதும் அலையில் தடுமாறியதால், ஹாரிசன் தன் கடல் கடிகாரங்களில் ஊசலையே விட்டுவிட்டுச் சுருள்வில்லுக்குப் போனார்.' இந்த 'நம்பி', 'ஓடினாலும்', 'தடுமாறியதால்', 'விட்டுவிட்டு', இவைதான் வாதம். தமிழில் காரணமும் மறுப்பும் எச்சங்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன, புள்ளி புள்ளியாக உடைத்தால் முதலில் உதிர்வது அவைதான். அப்புறம் கட்டுரை எழுத உட்காரும்போது இரண்டு வரிகளுக்கும் என்ன தொடர்பு என்று யோசித்திருந்தோம் என்பதே நினைவிருக்காது. எனக்கு இப்படி ஒரு முழு அத்தியாயமே போயிற்று.

நூல்கண்டு:
எச்சம் பற்றிச் சொன்னது சரி, அதை நான் யோசித்ததில்லை. ஆனால் அது அவுட்லைனரின் குறை அல்ல, தலைப்பை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிற பழக்கத்தின் குறை. நட்சத்திரத்துக்குக் கீழே எத்தனை பத்தி வேண்டுமானாலும் எழுதலாமே. ஒரு கிளையை மட்டும் திரையில் நிறுத்தி மற்றதெல்லாம் மறையும்படி செய்துகொண்டால், நீங்கள் விரும்புகிற வெற்றுத் தாள்தான் அது.

வெள்ளைத்தாள்:
மறைவதுதான் எனக்குப் பயம். மடித்து வைத்தது கண்ணில் படாது, கண்ணில் படாதது மறந்துபோகும். இன்னொன்றும் இருக்கிறது. கடிகாரத்துக்கான சுருள்வில்லை 1675இல் செய்வித்தவரும் அதே ஹைகென்ஸ்தான். அந்தக் குறிப்பை எங்கே வைப்பீர்கள்? அவர் பெயரின் கீழா, சுருள்வில்லின் கீழா? மரத்தில் ஒரு இலைக்கு ஒரே கிளைதான். எங்கே வைப்பது என்பதிலேயே நேரம் போகும், எழுத்து நின்றுவிடும். நான் தேதி போட்டு ஒரே கோப்பில் எழுதிக்கொண்டே போகிறேன், வேண்டும்போது தேடி எடுக்கிறேன்.

அடிக்குறிப்பு:
இடையில் வருவதற்கு இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே கிளைதான் என்பது எல்லா எடிட்டருக்கும் பொருந்தாது. லியோ என்ற எடிட்டரில் குளோன் என்று ஒரு வசதி உண்டு, ஒரே குறிப்பை இரண்டு மூன்று கிளைகளில் வைக்கலாம், ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். ஆர்க் மோடில் அது இல்லை, ஆனால் ஓரிடத்தில் வைத்துவிட்டு மற்ற இடத்திலிருந்து இணைப்புக் கொடுக்கலாம். இது புதிய யோசனையும் இல்லை. 1968 டிசம்பர் 9 அன்று கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் தன் கணினி அமைப்பை மேடையில் காட்டியபோது, வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலை வகை வகையாகப் பிரித்து, விரித்தும் சுருக்கியும் காட்டினார். அதே அமைப்பில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் இணைப்பும் இருந்தது. மரமா இணைப்பா என்று பிரித்துப் பேசுவதே பின்னால் வந்த பழக்கம் என்று நினைக்கிறேன்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை கோப்பின் வடிவம். முன்பு ஒரு செயலியில் மூன்று வருஷக் குறிப்புகளை வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். மூடப்போகிறோம், ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள் என்றார்கள். செய்தேன். எழுத்தெல்லாம் வந்தது, எது எதற்குக் கீழே இருந்தது என்பது மட்டும் வரவில்லை. ஆயிரம் வரி, எல்லாம் ஒரே மட்டத்தில், இடது ஓரத்தை ஒட்டி. அதைத் திரும்பக் கட்ட என்னால் முடியவே இல்லை. நட்சத்திரக் குறி என்றால் அது எழுத்தோடு எழுத்தாக இருக்கும், எந்த எடிட்டரில் திறந்தாலும் மரம் தெரியும். மடிக்க வராது, அவ்வளவுதான்.

வெள்ளைத்தாள்:
வெற்று உரைக் கோப்பு என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை, நானும் அதனால்தான் அதில் இருக்கிறேன். குளோன் பற்றித் தெரியாது, பார்க்கிறேன். ஆனால் முதல் வரைவை மரத்தில் எழுதக்கூடாது என்பதில் மாறமாட்டேன். முதலில் பத்தியாக ஓடட்டும், எது எதற்குக் கீழே என்பது எழுதிய பிறகுதான் தெரியும். அப்புறம் வேண்டுமானால் தலைப்புப் போட்டுப் பிரிக்கலாம்.

நூல்கண்டு:
இன்று காலையில் அந்த இடத்தை உங்கள் வழியில் எழுதிப் பார்த்தேன், தலைப்பில்லாமல், ஒரே மூச்சில். ஹைகென்ஸிலிருந்து நேராக ஹாரிசனுக்குத் தாண்டும்போது வாக்கியம் நின்றுவிட்டது. ஹாரிசன் ஒரு தச்சர், அவர் எதற்காகக் கடல் கடிகாரத்தில் வாழ்நாளைப் போட்டார்? கடலில் கப்பல் இருக்கும் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கும் வழிக்காக 1714இல் பிரிட்டன் போட்ட சட்டமும், 20,000 பவுண்டு வரை என்ற பரிசும் நடுவில் வர வேண்டும். அந்தக் குறிப்பு என்னிடம் இருந்தது. 'சட்டங்கள்' என்ற கிளைக்குள், மடித்தபடி, இரண்டு மாதமாக நான் திறக்கவே இல்லை. மடித்தது மறந்துபோகும் என்று நீங்கள் சொன்னது நடந்திருக்கிறது. ஆனால் தேடியதும் கிடைத்தது, எடுத்து 'கடற்பயணம்' கீழே வைக்க ஒரு நொடிதான் ஆயிற்று, அதை நான் விடமாட்டேன்.

வெள்ளைத்தாள்:
அந்தப் பத்தியை இங்கே போடுங்கள். தலைப்பு இல்லாமல்.